காய்கறிக் கூடையும் கணக்கில் வராத கைகளும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



வார இறுதிக் காலையில் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் நடப்போருக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. இரும்புக் கதவுக்கு முன்னால் சிறிய வண்டி ஒன்று வந்து நிற்கும். காகிதப் பையில் கீரைக்கட்டும் நூல்கோலும் பீன்ஸும் கேரட்டும் தக்காளியும் இறங்கும். பையின் மீது ஒட்டிய சீட்டில் இரண்டு செய்திகள் அச்சிடப்பட்டிருக்கும். இயற்கை முறையில் விளைந்தது என்பது ஒன்று; குடும்பப் பண்ணையிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. முதல் செய்திக்குச் சட்டம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது. இரண்டாவது செய்திக்கு எந்தச் சோதனையும் இல்லை. எந்தக் குடும்பம், அதில் எத்தனை பேர் உழைக்கின்றனர், நிலம் யார் பெயரில் இருக்கிறது, களை பறித்தவருக்குக் கூலி கிடைத்ததா என்று சீட்டு சொல்வதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது செய்தியைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்குக் காய்கறி புதிய விஷயமன்று. 1809இல் அல்சூரில் ஆங்கிலேயப் படை முகாம் அமைந்தபோது அதன் பின்னால் ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து தமிழ் உழைப்பாளிகள் வந்தனர். கொத்தர், சலவைத் தொழிலாளி, வண்டிக்காரர், வியாபாரி எனப் பலரும் அதில் அடக்கம். தண்டுப் பகுதியின் பங்களா வீடுகளுக்கு இங்கிலீஷ் காய்கறி தேவைப்பட்டது. அந்தத் தேவையைச் சுற்றி ஒரு சந்தையே வளர்ந்தது. 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட் இன்றும் சிவாஜி நகரில் நிற்கிறது. மறுபுறம், பழைய பேட்டைப் பகுதியைச் சுற்றித் தமிழ் மூலம் கொண்டவர்களாக அறியப்படும் திகளர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகக் காய்கறித் தோட்டமும் பூந்தோட்டமும் செய்துவந்தனர். கரகத் திருவிழாவின்போது மட்டும் இந்நகரம் அவர்களை நினைவுகூர்கிறது. அவர்களுடைய தோட்டங்களுக்கு நீர் தந்த ஏரிகளில் சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம்; தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பேருந்து நிலையம். தோட்டக்காரக் குடும்பங்கள் நகரத்தின் உள்ளேயிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து இன்னும் வெளியேயும் தள்ளப்பட்டன. இன்று ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வரும் கீரை தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டை, மாலூர், எல்லை தாண்டி ஓசூர், தளி ஆகிய பக்கங்களிலிருந்து வருகிறது.

இப்படித் தள்ளப்பட்ட வரலாற்றின் ஊடாகவே கர்நாடகத்தின் இயற்கை வேளாண்மை முன்னோடி எல். நாராயண ரெட்டியின் வாழ்க்கையும் செல்கிறது. வர்த்தூரைச் சேர்ந்த அவர் தொடக்கத்தில் ரசாயன உரமிட்டு விளைச்சலில் பெயர் பெற்றவர். வரவு செலவை உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் விளைச்சல் ஏறிய நிலத்தில் கடனும் ஏறியிருப்பதைக் கண்டார். அதன்பின் முறையை மாற்றினார். பிற்காலத்தில் அவருடைய பண்ணை தொட்டபள்ளாபுரம் அருகே மரளேனஹள்ளியில் இருந்தது. சில ஏக்கர் நிலத்தில் குடும்பம் உண்பதற்கும் விற்பதற்கும் வேண்டியதை விளைவித்துக் காட்டி, வந்தவருக்கெல்லாம் பாடம் நடத்தி, 2019 ஜனவரியில் மறைந்தார். வர்த்தூரில் அவருக்குப் பிறகு என்ன விளைகிறது என்பதை இங்குள்ளோர் அறிவர்: அடுக்குமாடி. அவ்வூர் ஏரியில் நுரை.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளையும் இங்கே சொல்ல வேண்டும். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். சிறு மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார். நூறு வயதைக் கடந்த பின்னும் வயலில் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது பத்திரிகைகள் அவருடைய வயதைத்தான் தலைப்பாக்கின. நிலம் அவருடைய பெயரில் இருந்தது என்பதே பெரிய செய்தி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மொத்தச் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 விழுக்காடு மட்டுமே.

சரி, இயற்கைக் காய்கறிப் பண்ணையில் ஒரு குடும்பம் என்னதான் செய்கிறது? நகரத்து வாசகர் பலருக்கு இதைப் பற்றி இனிமையான கற்பனை உண்டு. ஆகையால் வேலையை வேலையாகவே சொல்லிவிடுவது நல்லது. ரசாயனச் சாகுபடியில் ஒரு மூட்டை உரமும் ஒரு புட்டி களைக்கொல்லியும் செய்யும் வேலையை இங்கே உடம்பு செய்கிறது. முதலில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழ வேண்டும். அந்த ஒன்றரை மாதமும் நிலத்திலிருந்து ஒரு ரூபாய் வராது. எருக்குழியைப் புரட்ட வேண்டும். 200 லிட்டர் நீருக்கு 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறுமாவு என்று ஜீவாமிர்தம் கரைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, குடத்திலோ தெளிப்பானிலோ சுமந்து ஊற்ற வேண்டும். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். தக்காளிக்கு இடையே செண்டுமல்லி, வரப்போரம் ஆமணக்கு என்று பூச்சியைத் திசைதிருப்பும் பயிர்களை நட்டு, ஆமணக்கு இலையில் புழுவின் முட்டைக்குவியல் தெரிந்தால் இலையோடு கிள்ளி அழிக்க வேண்டும். இதைச் செய்வதற்குக் கூர்மையான கண் வேண்டும். அன்றாடம் வயலில் நடக்கும் கால் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் களை. கேரட்டும் பீட்ரூட்டும் கொத்தமல்லியும் முளைத்த முதல் வாரங்களில் களையோடு போட்டியிட இயலாதவை. குனிந்து, குந்தி, ஒவ்வொரு பாத்தியாக விரலால் பறிக்க வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கின்றனர். வீட்டுப் பெண்கள் போதாதபோது பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கூலிப் பெண்கள் வருகின்றனர். அவர்களில் நிலமற்ற தலித் பெண்களே மிகுதி. அறுவடை நாளன்று இரவு இரண்டு மணிக்குக் கீரை பறிக்கத் தொடங்கினால்தான் காலையில் ரிச்சர்ட்ஸ் டவுன் வாசலில் அது வாடாமல் இருக்கும். கழுவுவது, தரம் பிரிப்பது, கட்டுவது, எடை போடுவது, பையில் போடுவது என்ற வேலைகளுக்கும் அதே கைகள்தான். வளைந்த கேரட்டும் துளை விழுந்த கீரையும் பையிலிருந்து விலக்கப்படும். பூச்சிமருந்து வேண்டாம் என்பவர்களே பூச்சி கடித்த இலையையும் வேண்டாம் என்பது வேடிக்கைதான். அந்த வேடிக்கையின் செலவு பண்ணைக் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இவ்வளவையும் கண்ட பிறகு, செலவில்லா விவசாயம் என்ற சொற்றொடரை எப்படிப் புரிந்துகொள்வது? 2019 ஜூலையில் ஒன்றிய நிதிநிலை அறிக்கையை முன்வைத்த நிதியமைச்சர் அந்தச் சொற்றொடரைத் தம் உரையில் பயன்படுத்தினார். கடையில் வாங்கும் இடுபொருளின் செலவு குறையும் என்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. உரக்கடைக்காரரிடம் பட்ட கடனில் உழலும் சிறு விவசாயிக்கு அது சிறிய நிம்மதியும் அன்று. ஆனால் மனைவியின் உழைப்பையும் மருமகளின் உழைப்பையும் வயதான தாயின் உழைப்பையும் சுழியம் என்று வைத்துக்கொண்டால்தான் செலவும் சுழியமாகும். சாகுபடிச் செலவைக் கணக்கிடும்போது குடும்ப உழைப்பின் மதிப்பு, சொந்த நிலத்தின் வாடகை, சொந்த மூலதனத்தின் வட்டி ஆகிய அனைத்தையும் சேர்க்க வேண்டும். அந்த முழுச் செலவின் மேல் ஐம்பது விழுக்காடு சேர்த்து விலை தர வேண்டும் என்று விவசாய இயக்கங்கள் கோருவது இந்தக் காரணத்தால்தான். அரசோ சொந்த நிலத்தின் வாடகையையும் மூலதனத்தின் வட்டியையும் விட்டுவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறது. காய்கறிக்கு அந்தக் குறைந்த கணக்குகூடக் கிடையாது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் தக்காளியும் இல்லை, கத்தரியும் இல்லை.

சிறு குடும்பப் பண்ணை பெரிய பண்ணையின் போட்டியில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்வியை 1899இல் கார்ல் காவுட்ஸ்கி வேளாண் பிரச்சினை பற்றிய தம் நூலில் எழுப்பினார். சிறு உடைமையாளர் அதிகமாக உழைத்தும் குறைவாக உண்டும் பிழைத்திருக்கிறார் என்பதே அவர் கண்ட விடை. பிற்காலத்தில் ரஷ்யப் பொருளியலாளர் சயானோவ் இதையே வேறொரு திசையிலிருந்து அணுகி, குடும்பம் தன்னைத்தானே சுரண்டிக்கொள்வதை விவரித்தார். சயானோவின் முடிவுகளை இடதுசாரிகள் எல்லோரும் ஏற்பதில்லை. குடும்பத்துக்குள் ஆணும் பெண்ணும், முதியவரும் இளையவரும் ஒரே தட்டில் இல்லை என்பதை அவர் போதிய அளவு பார்க்கவில்லை. ஆயினும் அவர் சுட்டிய உண்மை கூடையில் வரும் ஒவ்வொரு கீரைக்கட்டிலும் இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தை விரைந்து கடந்துவிடலாம். தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்பு நிறுவனம் ஆய்வு செய்து தரும் சான்றிதழ் ஏற்றுமதியை மனதில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. தனிச் சிறு விவசாயிக்கு அதன் கட்டணமும் ஏடு பராமரிப்பும் சுமை. உள்நாட்டுச் சந்தைக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விவசாயிகள் குழுவாகி ஒருவர் வயலை மற்றவர் சோதித்து உறுதி அளிக்கலாம். அண்டை வயல்காரரின் கண்ணைவிட நல்ல ஆய்வாளர் கிடையாது. ஆதலால் இம்முறை வளர்க்கத்தக்கது. கவனிக்க வேண்டியது வேறொன்று. எந்த முறையானாலும் ஓராண்டுப் பயிர்களுக்குச் சாதாரணமாக இரண்டு ஆண்டு மாறுதல் காலம் கடக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் பெரும்பாலும் குறையும். இயற்கை விளைபொருளுக்குரிய விலையும் கிடைக்காது. பதினொரு மாத வாய்வழிக் குத்தகையில் உழுபவர் இந்த இரண்டு ஆண்டுகளை எங்கிருந்து கொண்டுவருவார்? அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் தாம் இருப்போமா என்று தெரியாதவர் மண்ணுக்கு எரு இடமாட்டார், இட முடியாது. மண்வளம் பற்றிய கேள்வி இப்படித்தான் நில உரிமை பற்றிய கேள்வியாகிறது.

மண்ணைப் பற்றி மார்க்ஸ் அக்கறையற்றிருந்தார் என்று சொல்வோர் மூலதனத்தின் முதல் தொகுதியைச் சரியாகப் படிக்காதவர்கள். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளை ஊன்றிப் படித்த அவர், மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட சத்துக்கள் உணவாகவும் உடையாகவும் நகரத்துக்குச் சென்று மீண்டும் மண்ணுக்குத் திரும்பாமல் போவதை முதலாளித்துவ உற்பத்தியின் அடிப்படைக் கேடுகளில் ஒன்றாகக் கண்டார். லண்டன் மக்களின் கழிவைப் பெரும் பணம் செலவிட்டுத் தேம்ஸ் நதியைக் கெடுக்கவே பயன்படுத்துகிறார்கள் என்று மூன்றாம் தொகுதியில் கசப்போடு குறிப்பிட்டார். லண்டனுக்குப் பதில் பெங்களூரு, தேம்ஸுக்குப் பதில் பெல்லந்தூர் ஏரி என்று மாற்றி எழுதினால் போதும். 2017இலும் 2018இலும் அந்த ஏரி தீப்பற்றி எரிந்ததை உலகமே பார்த்தது. மாலூரிலும் கோலாரிலும் விளைந்த கேரட்டின் சத்து இந்நகரத்தின் சாக்கடை வழியே அங்கே போய்ச் சேர்ந்து நுரையானது. 2018 முதல் கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியே இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட கழிவுநீர் கோலாரின் ஏரிகளுக்குச் செல்கிறது. ஆயிரம் அடிக்குக் கீழே ஆழ்துளைக் கிணறு இறக்கியும் நீர் காணாத விவசாயிக்கு அதுவும் நீர்தான். ஆனால் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை நியாயமானது. நகரத்தவர் குடிக்கும் நீருக்கு ஒரு தரமும், நகரத்தவர் தின்னும் காய்கறிக்கு ஊற்றும் நீருக்கு வேறொரு தரமும் இருப்பதை எந்த இயற்கைச் சான்றிதழும் சரிசெய்யாது.

இரண்டு நாடுகளின் அனுபவம் இங்கே பயன்படும். இலங்கையில் 2021 மே மாதத்தில் கோத்தபய அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது. அன்னியச் செலாவணி நெருக்கடியை இயற்கை வேளாண்மை என்ற பெயரால் போர்த்தினர். போதிய மாற்று உரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பரில் ஆணையைத் திரும்பப் பெற்றனர். மலையகத் தேயிலைத் தொழிலாளரும் வட கிழக்கின் நெல் விவசாயிகளும் அந்த ஏழு மாதங்களின் விலையை நெடுநாள் கொடுத்தனர். கியூபாவும் நெருக்கடியில்தான் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் தகர்ந்தபின் உரமும் டீசலும் நின்றுபோயின. ஆனால் அங்கே நகர்ப்புறக் காலி நிலம் பயன்பாட்டு உரிமையில் மக்களுக்குத் தரப்பட்டது. விஞ்ஞானிகள் உயிரியல் பூச்சிக்கட்டுப்பாட்டில் இறங்கினர். அரசு விதையும் பயிற்சியும் கொடுத்தது. ஹவானாவின் அலமார் பகுதியில் 1997இல் தொடங்கப்பட்ட காய்கறிக் கூட்டுறவு சுமார் 10 ஹெக்டேரில் சுற்றுப்புற மக்களுக்கு நேரடியாகக் காய்கறி விற்றது. கியூபா இன்னும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இரண்டு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாடு, மாறுதலின் சுமையை யார் தோளில் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

கர்நாடகத்தில் அச்சுமை யார் தோளில் இருக்கிறது? நிலச்சீர்திருத்தச் சட்டத்துக்கு 1974இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் லட்சக்கணக்கான குத்தகை விவசாயிகளை நில உடைமையாளர் ஆக்கியது. அச்சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் விவசாயி அல்லாதவரும் அதிக வருவாய் உள்ளவரும் விளைநிலம் வாங்குவதைத் தடுத்தன. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பாஜக அரசு அப்பிரிவுகளை நீக்கியது. பின்வாசல் முன்வாசலானது. இன்று பெங்களூருவைச் சுற்றிப் பராமரிப்போடு கூடிய பண்ணைநிலம் என்று விளம்பரம் வருகிறது. கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று கூறு போட்டு, வேலி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்து தக்காளி பறித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதுவும் குடும்பப் பண்ணை என்றே அழைக்கப்படுகிறது. உரிமையாளரின் குடும்பம் வாரம் ஒருமுறை வரும். காவல் கொட்டகையில் ஆண்டு முழுதும் குடியிருந்து நீர் பாய்ச்சும் குடும்பம் ராய்ச்சூரிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கும். நல்லெண்ணத்தோடு விவசாயத்துக்கு வந்த நகரத்தவர் சிலர் உண்டு; மண்ணை நேசிக்கும் அவர்களைப் பழிப்பது நோக்கமன்று. ஒரு வாழ்க்கைமுறையாக நிலம் வாங்குவோர் ஏற்றும் விலையில், பிழைப்பாக உழுபவர் இனி ஒரு குழிகூட வாங்க முடியாது என்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

இந்தப் பின்னணியில்தான் தேவனஹள்ளியின் வெற்றியைப் பார்க்க வேண்டும். சென்னராயபட்டணம் வட்டாரத்தின் 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் நிலத்தை விண்வெளித் தொழில்பூங்காவுக்காகக் கையகப்படுத்த அறிவிக்கை வந்தது. ஏற்கெனவே விமான நிலையத்துக்குச் சுமார் 4,000 ஏக்கர் கொடுத்த தாலுகா அது. கேழ்வரகும் திராட்சையும் பூவும் மல்பெரியும் காய்கறியும் விளையும் சிறு துண்டு நிலங்கள். அவற்றில் கணிசமானவை தலித் குடும்பங்களுடையவை. 2022 ஏப்ரல் 4 அன்று அக்குடும்பங்கள் அமர்ந்தன. ஆட்சி மாறியது, எதிர்க்கட்சியாக இருந்தபோது ஆதரவு சொன்னவர்கள் ஆளுங்கட்சியானதும் அறிவிக்கையைத் தொடர்ந்தனர். 2025 ஜூன் 25 அன்று தேவனஹள்ளியில் திரண்டவர்களைக் காவல்துறை இழுத்துச் சென்றது. விவசாய சங்கங்கள், தலித் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், எழுத்தாளர்கள், நடிகர் பிரகாஷ் ராஜ் போன்ற கலைஞர்கள் ஒன்றாக நின்றனர். ஜூலை 15 அன்று, போராட்டத்தின் 1,198ஆம் நாளில், கையகப்படுத்தலைக் கைவிடுவதாக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். விரும்பித் தருவோரிடம் கூடுதல் விலைக்கு நிலம் பெறப்படும் என்ற வாசலையும் அதே அறிவிப்பில் திறந்து வைத்தார். அண்டை ஆந்திரத்தின் அமைச்சர் நாரா லோகேஷ் உடனே, தம்மிடம் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் தயாராக இருப்பதாகத் தொழிலதிபர்களுக்கு அழைப்பு விடுத்தார்.

காக்கப்பட்ட நிலத்தில் உழுது பிழைக்க வேண்டுமானால் விலை வேண்டும். தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் சுமார் 33 காசு மட்டுமே விவசாயிக்குப் போய்ச் சேர்கிறது என்று 2024இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டது. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து அடிப்படை விலை நிர்ணயித்தது. காய்கறிக்கு அப்படி ஒரு விலை அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று. அங்கே குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கின்றனர். கணவர் பெயரில் உள்ள வயலில் கணக்கில்லாமல் உழைத்தவர், குழுவின் ஏட்டில் தம் பெயருக்கு எதிரே தொகை எழுதப்படுவதைப் பார்க்கிறார். கர்நாடகத்துக்கும் கூட்டுறவு மரபு உண்டு. 1959இல் எம்.எச். மரிகவுடாவின் முயற்சியில் திராட்சை விவசாயிகளின் சங்கமாகத் தொடங்கியதுதான் இன்றைய ஹாப்காம்ஸ். அதன் பச்சைக் கடைகளை மீட்டெடுத்து, பங்கேற்பு உத்தரவாதக் குழுக்களின் காய்கறிக்கு அங்கே தனி இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நடக்கக்கூடிய கோரிக்கை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் கூடை வாங்கும் குடும்பங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. வாரக் கணக்கில் வாங்குவதை விட்டுப் பருவத்துக்கு முன்பணம் கொடுத்தால், சணப்பை மடக்கி உழும் அந்த ஒன்றரை மாதத்தை விவசாயி வட்டிக்காரரிடம் போகாமல் கடப்பார். வளைந்த கேரட்டையும் துளை விழுந்த கீரையையும் அதே விலைக்கு ஏற்கலாம். பண்ணையைப் பார்க்கப் போகும்போது பசுவோடு படம் எடுத்துக்கொண்ட பிறகு, களை பறித்த பெண்களுக்கு இந்த வாரக் கூலி கொடுத்தாயிற்றா, எவ்வளவு என்று கேட்கலாம். பண்ணையை நடத்தும் அம்மையாரிடம், பஹணியில் அவருடைய பெயர் இருக்கிறதா என்றும் கேட்கலாம். 2007இன் தேசிய விவசாயிகள் கொள்கை குத்தகையாளரையும் விவசாயத் தொழிலாளரையும் விவசாயி என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஒன்றிய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் உதவித் திட்டம் நில ஆவணத்தைப் பார்த்துத்தான் பணம் அனுப்புகிறது. ஆவணத்தில் பெயர் இல்லாத குத்தகைக்காரருக்கு அந்தத் தொகை வராது. கணவர் இறந்து, பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே கிடக்கும் வீடுகளில், பெண்கள் தாலுகா அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைத் தேவனஹள்ளியிலும் பார்க்கலாம், ஓசூரிலும் பார்க்கலாம். அவர்களுடைய மனுக்களை எழுதிக் கொடுக்கக் கன்னடமும் தமிழும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அத்தகையோர் இவ்வட்டாரத்தில் ஏராளமாக இருக்கிறார்கள்.